எத்தனை தோட்டா, யார் கையில?

மேகசின்னு சொன்னா நம்மாளுங்களுக்கு குமுதமும் விகடனும்தான் ஞாபகத்துக்கு வரும். துப்பாக்கிக்காரங்களுக்கு அது வேற: தோட்டாவை வரிசையா அடுக்கி வைக்கிற பொட்டி, இல்லேன்னா குழாய். ரெண்டும் ஒரே வார்த்தைதான். அரபியில மக்ஸன்னா கிடங்கு. அது ஐரோப்பாவுக்குப் போயி வெடிமருந்துக் கிடங்குக்குப் பேரா ஆச்சு. 1731ல லண்டன்ல ஒரு பத்திரிகை தன்னை விஷயங்களோட கிடங்குன்னு சொல்லிக்கிட்டு அந்தப் பேரை வெச்சுக்கிச்சு. அப்புறம் துப்பாக்கிக்குள்ள இருக்கிற குட்டிக் கிடங்குக்கும் அதே பேரு.

எங்க மேல்மலையனூர் பக்கத்துல செஞ்சிக்கோட்டைக்குப் போயிருக்கீங்களா? 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததுலேருந்து கூட்டம் வருது. அங்க நெல் கொட்டி வெச்ச களஞ்சியங்களோட வெடிமருந்துக் கிடங்கும் இருக்கு. அதுவும் மேகசின்தான். 1690லேருந்து 1698 வரைக்கும் முகலாயப் படை வெளியில காத்துக்கிட்டே கிடந்துச்சே, உள்ளே இருந்த மராட்டியர்கள் தாக்குப்பிடிச்சதுக்கு மலை ஒரு காரணம்னா கிடங்கு இன்னொரு காரணம். கையில எவ்வளவு சேத்து வெச்சிருக்கோம்ங்கறதுதான் சண்டையில கணக்கு.

துப்பாக்கிச் சட்டங்கள்லயும் இதே கேள்விதான் வருது. ஒரு துப்பாக்கிக்குள்ள எத்தனை தோட்டா இருக்கலாம்? உலகத்துல பல நாடுகள் இதை எண்ணி எண்ணிச் சட்டம் போட்டிருக்காங்க. நம்ம நாடு வேற ஒண்ணை எண்ணுச்சு. அந்தக் கதையைத்தான் எழுதப்போறேன்.

வாத்துக்காக வந்த சட்டம்

ஷாட்கன்னா ஒரு தோட்டாவுக்குள்ள நிறைய ஈய ரவை இருக்கும், சுட்டா பரவிப் போகும். பறவை சுடத்தான் அதிகம் பயன்பட்டுச்சு. ரொம்ப நாள் ஒத்தக்குழல், ரெட்டைக்குழல்தான். ரெண்டு சுட்டா திரும்ப மடக்கித் தோட்டா போடணும்.

ஜான் பிரௌனிங்னு அமெரிக்கக்காரர். அவர் வடிவமைச்ச செமி ஆட்டோமேடிக் ஷாட்கன் 1902ல பெல்ஜியத்துல தயாரிப்புக்கு வந்துச்சு. ஒரு தோட்டா வெடிச்ச வேகத்துலயே குழல் பின்னால போயி, காலி ஓட்டைத் தூக்கிப் போட்டு, அடுத்த தோட்டாவை உள்ளே இழுத்துக்கும். நீங்க விசையை மறுபடி மறுபடி அழுத்தினா போதும். மேகசின் குழாய்ல நாலு, குழல்ல ஒண்ணு, மொத்தம் அஞ்சு. பேரே ஆட்டோ 5.

வேட்டைக்காரனுக்குக் கொண்டாட்டம், வாத்துக்குத் திண்டாட்டம். 1930கள்ல அமெரிக்காவுல பெரிய வறட்சி. ஏரி குளமெல்லாம் வத்திப்போயி வாத்துங்க எண்ணிக்கை சரிஞ்சு போச்சு. 1935ல அரசாங்கம் ஒரு விதி கொண்டு வந்துச்சு: வலசை வர்ற பறவைகளைச் சுடுறவன் துப்பாக்கியில மூணு தோட்டாவுக்கு மேல இருக்கக் கூடாது. சரி, அஞ்சு போடுற துப்பாக்கியை என்ன பண்றது? மேகசின் குழாய்க்குள்ள ஒரு மரக்குச்சியைச் செருகி இடத்தை அடைச்சிட்டாங்க! அந்த விதி இன்னிக்கும் இருக்கு. வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவுல மேகசின் அளவுக்கு நாடு முழுக்கப் பொதுவா ஒரு வரம்பு வெச்சது வாத்துக்காக. மனுஷனைக் காப்பாத்த அப்படி ஒண்ணு 1994ல வந்துச்சு, பத்து வருஷத்துல காலாவதி ஆயிடுச்சு.

மத்த நாடுகள்ல மனுஷங்க செத்தப்புறம்தான் எண்ண ஆரம்பிச்சாங்க. 1987ல இங்கிலாந்துல ஹங்கர்ஃபோர்டுங்கற ஊர்ல ஒருத்தன் 16 பேரைச் சுட்டுக் கொன்னான். அடுத்த வருஷமே சட்டம் மாறிச்சு. செமி ஆட்டோமேடிக்கோ பம்ப் ஆக்ஷனோ, ஷாட்கன் மேகசின்ல ரெண்டுக்கு மேல போடுற மாதிரி இருந்தா சாதாரண ஷாட்கன் சான்றிதழ் செல்லாது, ரைஃபிளுக்கு வாங்குற கடுமையான சான்றிதழ் வாங்கணும். 1996ல ஆஸ்திரேலியாவுல போர்ட் ஆர்தர், 35 பேர். அங்க அஞ்சு தோட்டாங்கறதுதான் எல்லைக்கோடு. அஞ்சு வரைக்கும் ஒரு வகை, அதுக்கு மேல இன்னும் இறுக்கமான வகை. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கியை அரசாங்கமே காசு குடுத்து வாங்கி அழிச்சுது. 2019ல நியூசிலாந்து, கிறைஸ்ட்சர்ச் மசூதிகள், 51 பேர். செமி ஆட்டோமேடிக் பெரும்பாலும் தடை. கழட்ட முடியாத குழாய் மேகசின்ல அஞ்சு வரைக்கும் போடுற ஷாட்கன்னை விட்டு வெச்சாங்க.

ரெண்டு, மூணு, அஞ்சு. நம்பர் வேற வேறன்னாலும் கேள்வி ஒண்ணுதான். இந்தத் துப்பாக்கி மூச்சு விடாம எத்தனை தடவை சுடும்?

நம்ம ஊர்க் கணக்கு

இப்ப நம்ம பக்கம் வருவோம். தமிழ்நாட்டுல ஆயுதம் பறிச்ச கதை பாளையக்காரர் போரோட சூடா ஆரம்பிக்குது. மருது சகோதரர்களைத் தூக்குல போட்டது 1801 அக்டோபர். அதே வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவோட மகன்தான்) ஒரு பிரகடனம் போட்டார். தெற்கத்திப் பாளையங்கள்ல கோட்டையெல்லாம் இடிக்கணும், சனங்க ஆயுதம் வெச்சுக்கக் கூடாது.

அப்புறம் 1857 கலவரம். அதுக்கப்புறம் 1878ல லிட்டன் பிரபு காலத்துல ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அதே 1878லதான் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்ட சட்டமும் வந்துச்சு. ரெண்டு மேகசினுக்கும் ஒரே வருஷத்துல பூட்டு :-) பத்திரிகைப் பூட்டைச் சில வருஷத்துல ரிப்பன் பிரபு திறந்து விட்டார். துப்பாக்கிப் பூட்டு அப்படியே கிடந்துச்சு.

கவனிச்சீங்களா, இந்தச் சட்டம் தோட்டாவை எண்ணலை. ஆளை எண்ணுச்சு. யார் நம்பிக்கையான ஆள், யார் இல்லைங்கறதுதான் கேள்வி.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1959ல புது ஆயுதச் சட்டம், 1962ல விதிகள். இதுல தோல் நிறம் போச்சு. ஆனா அந்தப் பழைய வாசனை முழுசாப் போகலைன்னு எனக்குத் தோணுது. பிரிவு 13ஐப் படிச்சுப் பாருங்க, ஒரு ஏணி மாதிரி இருக்கும். பயிர் காவலுக்குக் கேட்டா, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத்துப்பாக்கி. அது பத்தாதுன்னு அதிகாரி திருப்தி ஆனா மட்டும் வேற துப்பாக்கி. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டா, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கி.

செமி ஆட்டோமேடிக்? 1962 விதிகள்ல அது ஒண்ணாம் வகையில போயிடுச்சு, 20 அங்குலத்துக்குக் குட்டையான குழல்களோட சேத்து. கலெக்டர் ஆபீஸ்ல முடியிற வேலை இல்லை, டில்லி வரைக்கும் போகணும். மேகசின்ல எத்தனை போடலாம்னு அங்க பேச்சே இல்லை. ரெண்டு போட்டாலும் செமி ஆட்டோமேடிக்னா டில்லிதான்.

இன்னொரு பக்கம் பம்ப் ஆக்ஷன். கையால முன்னும் பின்னும் தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்துறது. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலயே 12 போர் பம்ப் ஆக்ஷன் செஞ்சு ஜனங்களுக்கு வித்திருக்காங்க. ரெட்டைக்குழலை விட மேகசின் பெருசு. ஆனா தானா சுழலாததால, குழல் நீளமும் சரியா இருந்துட்டா சாதாரண வகை. இங்கிலாந்துக்காரன் பாத்தா தலையைச் சொறிவான். அங்க பம்ப்னாலும் மேகசின்ல ரெண்டைத் தாண்டினா தனிச் சான்றிதழ்.

தோட்டாவை எண்ணாத நம்ம சட்டம் துப்பாக்கியை எண்ணுச்சு. 1983 திருத்தத்துல ஒருத்தருக்கு மூணுக்கு மேல கூடாதுன்னு வந்துச்சு. 2019 டிசம்பர்ல அது ரெண்டு ஆச்சு. (மசோதாவுல முதல்ல ஒண்ணுன்னுதான் இருந்துச்சு. எதிர்ப்பு வந்து ரெண்டாக்கினாங்க.) தேர்தல் வந்தா லைசென்ஸ்காரங்க துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயிடும், இது உங்களுக்கே தெரியும்.

குடகும் குருவிக்காரரும்

ஆளை எண்ணுற கணக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க ரெண்டு சமூகத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.

குடகு. காவிரி பொறக்கிற இடம். 1861ல வெள்ளைக்காரன் குடகர்களை விசுவாசமான வீரர்கள்னு சொல்லி ஆயுதச் சட்டத்துலேருந்து விலக்கு குடுத்தான். வெள்ளைக்காரன் போயும் அந்த விலக்கு போகலை. குடகர்களுக்கும் அங்க ஜம்மா நிலம் வெச்சிருக்கவங்களுக்கும் லைசென்ஸ் வேண்டாம். 2019ல மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சுது. 2021ல கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும்னு சொல்லிடுச்சு. கைல்போது பண்டிகையில துப்பாக்கிக்குப் பூ வெச்சுக் கும்பிடுவாங்க.

இந்தப் பக்கம் நரிக்குறவர்கள். குருவிக்காரங்கன்னும் சொல்வாங்க. பரம்பரையா வேட்டைதான் தொழில். காடை, கௌதாரி, நரி. கையில இருந்தது நாட்டுத்துப்பாக்கி. மருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வெச்சு, கம்பியால இடிச்சு, ரவையைப் போட்டு, திரும்ப அடைச்சு, அப்புறம் கேப்பு வெச்சு... ஒரு தடவை சுட்டா அவ்வளவுதான். மேகசின்னே கிடையாது. தோட்டா எண்ணுற எந்த நாட்டுச் சட்டத்துல வெச்சுப் பாத்தாலும் கடைசிப் படியில நிக்கிற துப்பாக்கி.

ஆனா 1972 வன உயிரினச் சட்டமும், வேட்டையை அடியோட நிறுத்தின 1991 திருத்தமும் வந்தப்போ தொழிலே போனது இவங்களுக்குத்தான். அந்தச் சட்டம் வேணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. பொழைப்புக்கு மாத்து வழி என்னங்கறதை யாரும் சட்டத்தோட சேத்துக் குடுக்கலை, அதுதான் வலி. ஊசிமணி பாசிமணி கோத்து விக்க வந்தாங்க. பழங்குடிப் பட்டியல்ல சேக்கணும்னு கேட்டுக் கேட்டு, நாடாளுமன்றம் சட்டம் போட்டது 2022 டிசம்பர்ல. ஒருத்தருக்கு விசுவாசத்துக்கான பரிசு ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் செல்லுது, இன்னொருத்தருக்கு ஒத்தக் குண்டுத் துப்பாக்கியே குத்தத்துக்குச் சாட்சி ஆகுது.

மல்லாட்டைக் காட்டுல

இதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சா, எங்க பக்கம் மல்லாட்டை போட்ட ஒருத்தரைக் கேளுங்க. பாக்கம் மலை ஓரமா இருக்கிற கொல்லையில காட்டுப்பன்னி ஒரு ராத்திரி இறங்கினா வேரோட புரட்டிட்டுப் போயிடும். சட்டப்படி அவர் பயிர் காவலுக்கு நாட்டுத்துப்பாக்கி கேக்கலாம். ஒரு தடவை சுட்டுட்டு மறுபடி கெட்டிக்கிறதுக்குள்ள பன்னி அடுத்த ஊருக்குப் போயிடும், அது ஒரு பக்கம். பெரிய சிக்கல், அவரால பன்னியைச் சுடவே முடியாது. வன உயிரினச் சட்டம் விடாது. ஒரு சட்டம் துப்பாக்கி தரலாம்னு சொல்லுது, இன்னொண்ணு சுடாதேன்னு சொல்லுது. மிச்சம் சத்தம் மட்டும்தான்.

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு வழி சொல்லுச்சு. காட்டுலேருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறைக்காரங்களே சுடலாம். விவசாயி இல்லை. அது சரியான முடிவுன்னுதான் நினைக்கிறேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் பன்னி வரும்போது யார் வருவாங்க? அந்த இடைவெளியிலதான் கள்ளத்தனமா மின்வேலியும் அவுட்டுக்காயும் வருது. அதுல பன்னியும் சாகுது, மாடும் சாகுது, தண்ணி பாய்ச்சப் போன மனுஷனும் சாகுறான்.

வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வேணும்னு நான் சொல்ல வரலை. அமெரிக்கா செய்தியைப் பாக்கும்போதெல்லாம் நம்ம ஊர்ல துப்பாக்கி குறைச்சலா இருக்கிறது எவ்வளவு பெரிய நிம்மதின்னு தோணும். செமி ஆட்டோமேடிக்கை டில்லிக்கு அனுப்பினதும் நல்லதுதான். என் ஆதங்கம் ஒண்ணே ஒண்ணு. தோட்டாவை எண்ணுற சட்டம், துப்பாக்கி என்ன பண்ணும்னு பாக்குது. அதுக்கு ஜாதி தெரியாது, ஊர் தெரியாது. ஆளை எண்ணுற சட்டத்துக்கு அது ரெண்டும் நல்லாவே தெரியும். 1878ல எழுதின கேள்வியையே இன்னும் எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டு இருக்கப் போறோம்?

அடுத்த அமாவாசைக்கு அங்காளம்மன் கோயில் ஊஞ்சலுக்கு வர்றவங்க, பாசிமணிக் கடைக்காரங்ககிட்ட பேரம் பேசும்போது இதையும் கொஞ்சம் நெனச்சுக்குங்க. ரொம்ப இழுக்காதீங்க, பாவம்.