வாட்ஸ் கணக்கு: ஹோம் தியேட்டர் ரிசீவரும் ஒரு அமெரிக்க விதியும்

குறைந்த விலையில் ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸ் எண்ணைத்தான். இதில் 500, அதில் 700, விலை இரண்டுக்கும் ஒன்றே. அப்புறம் என்ன யோசனை? 700-ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்! இந்த எண்ணை வைத்து வாடிக்கையாளரை மயக்கும் வேலை நேற்று தொடங்கியதல்ல. இதற்கு அறுபது வருடச் சரித்திரம் இருக்கிறது.

ரேடியோ ட்யூனர், ஒலியைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஆம்ப்ளிஃபயர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது ரிசீவர். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. ஒயர்த் தொல்லையும் கிடையாது. ஹார்மன் கார்டன் கம்பெனி 1958-ல் கொண்டுவந்த ஃபெஸ்டிவல் மாடலைத்தான் முதல் ஸ்டீரியோ ரிசீவர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அறுபதுகளில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, விலை இறங்கியது, கம்பெனிகள் பெருகின, போட்டி வந்தது. போட்டி வந்தால் விளம்பரத்துக்கு ஒரு எண் வேண்டுமே!

ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வசதியான அளவுகோலை எடுத்துக்கொண்டது. சேனலுக்கு 20 வாட்ஸ் தொடர்ந்து தரக்கூடிய ஒரு ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி அலையின் உச்சியை மட்டும் அளந்தால் அது 40 ஆகிவிடும். இரண்டு சேனலையும் கூட்டினால் 80. கண நேரம் மட்டும் தாங்கக்கூடிய அளவைப் போட்டு, ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்று விட்டால் 100-ஐயும் தாண்டும். இதில் எதுவும் முழுப் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய பழைய கார் சந்தை பற்றிய கட்டுரை நினைவுக்கு வரலாம். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால் நல்ல சரக்குதான் முதலில் சந்தையைவிட்டு வெளியேறும். ஆடியோ கடையிலும் அதே கதைதான். நேர்மையாக 20 என்று அச்சடித்த கம்பெனியின் பெட்டி, 100 என்று அச்சடித்த பெட்டிக்குப் பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிந்தது. பணக்காரர் நாலு கடை ஏறி, காது கொடுத்துக் கேட்டு வாங்குவார். கையில் இருப்பதை எண்ணி எண்ணி வாங்குபவருக்கு அந்த எண்தான் ஒரே ஆதாரம்.

கடைசியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டது. 1974-ல் வந்த அதன் ஆம்ப்ளிஃபயர் விதிப்படி, தொடர்ந்து தரக்கூடிய பவரைத்தான் விளம்பரத்தில் முதன்மையாகச் சொல்ல வேண்டும். எத்தனை ஓம், எந்த அலைவரிசை வரம்பு, எத்தனை சதவீதச் சிதைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைவிடக் கடுமையான இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அளப்பதற்கு முன் ஆம்ப்ளிஃபயரை மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் அதிகமாகச் சூடானது முழு பவரில் அல்ல, ஏறக்குறைய அந்த அளவில்தான். எனவே பெரிய ஹீட் சிங்க் இல்லாமல் தப்பிக்க முடியாது. கம்பெனிகள் முணுமுணுத்தன. ஆனால் விளைவைப் பாருங்கள்: 1978-ல் பயனியர் கம்பெனியின் எஸ்எக்ஸ்-1980 ரிசீவர், விதிப்படியே அளந்து, சேனலுக்கு 270 வாட்ஸ் என்று வந்தது. எடை சுமார் 35 கிலோ! எண்ணுக்குப் பின்னால் இரும்பும் செம்பும் இருந்த காலம் அது.

பிறகு சினிமா வீட்டுக்குள் நுழைந்தது. 1982-ல் டால்பி சரவுண்ட், 1987-ல் புரோ லாஜிக், 1997-ல் அமெரிக்காவில் டிவிடி, அதோடு 5.1 ஒலி. இரண்டு ஆம்ப்ளிஃபயர் இருந்த பெட்டிக்குள் இப்போது ஐந்து, அப்புறம் ஏழு. ஆனால் மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். அதுதான் பெட்டிக்குள் கனமான, செலவு வைக்கிற சாமான். மலிவு விலைக்குள் அடக்க வேண்டுமானால் முதல் கத்திரி அதற்குத்தான்.

விதியில் ஒரு சந்து இருந்தது. "தொடர்புடைய சேனல்கள்" எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கி அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஸ்டீரியோவில் அது இரண்டு. ஐந்து சேனல் பெட்டியில்? கமிஷன் 2000-ல் விதியைத் திருத்தியது. மூன்றில் ஒரு பங்கு என்பதை எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தியது, இந்தக் கேள்விக்கு மட்டும் விடை எழுதவில்லை. கம்பெனிகள் இரண்டு சேனலை மட்டும் இயக்கி 100 என்று அளந்தன, ஐந்தால் பெருக்கினால் 500! ஆடியோ பத்திரிகைகள் ஐந்தையும் சேர்த்து இயக்கிப் பார்த்தபோது பல மலிவு ரிசீவர்கள் சேனலுக்கு ஐம்பதைக்கூட எட்டவில்லை. (கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எந்தப் படத்திலும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முழு பலத்தில் அலறுவது அபூர்வம்.)

இன்னும் மலிவான, ஸ்பீக்கரோடு சேர்த்து விற்கும் செட்டுகளில் 10 சதவீதச் சிதைவு வரை அனுமதித்து அளந்தார்கள். அந்த அளவில் பாட்டு கரகரக்கும். நம் ஊரில் டேப் ரெக்கார்டர்களின் மேல் மின்னிய 'பிஎம்பிஓ' எண்களும் இதே குடும்பம்தான். அமெரிக்க விதி இங்கே செல்லாது என்பதால் அந்த எண்களுக்கு வானமே எல்லை.

இத்தனை சண்டை போட்ட எண் காதுக்கு என்ன தருகிறது? வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். 70 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டெசிபல். பெரும்பாலானவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். அதே காசுக்கு 3 டெசிபல் கூடுதல் திறனுள்ள ஸ்பீக்கர் கிடைத்தால், ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கடையில் பெட்டியைத் திறக்க விட்டால் ரிசீவரைக் கையில் தூக்கிப் பார்ப்பதும், எத்தனை சேனலை இயக்கி அளந்தது என்று சின்ன எழுத்தில் தேடுவதும் முகப்பு எண்ணைவிட அதிகம் சொல்லும்.

சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2024-ல், கமிஷன் மறுபடி பேனாவை எடுத்தது. 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்குக் கீழே சிதைவு என்று அளவுகோலை ஒன்றாக்கியது. பல சேனல் ரிசீவர்களுக்கும் ஒருவழியாக விடை எழுதியது: முன்பக்க இடது, வலது இரண்டையுமாவது சேர்த்து இயக்கி அளக்க வேண்டும். அந்த ஆகஸ்டில் அது அமலுக்கும் வந்தது. மீதி மூன்று ஸ்பீக்கருக்கும் அந்த நேரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கம்பெனி சொன்னால் உண்டு.