திருச்செந்தூர் நடைப்பயணம்: கடைசி இரண்டு நாள்



தைப்பூசம் நெருங்கினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பச்சை வேட்டிகள் கண்ணில் படும். நானும் ஒரு வருடம் அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துவிட்டு அந்தக் கூட்டத்தோடு கிளம்பினேன். சங்கரன்கோவில், திருநெல்வேலி வரை எப்படியோ நடந்துவிட்டேன்.

பாளையங்கோட்டை தாண்டியதும் காலில் கொப்புளம் உடைந்தது. செய்துங்கநல்லூரில் பஸ்ஸுக்குக் கை காட்டப் போனேன். கூட வந்த பெரியவர் தடுத்தார். "வாத்தியாரய்யா, ஆதிச்சநல்லூர் வரைக்கும் வாங்க. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துன இடமாச்சே!"

வெட்கமாகிவிட்டது. இருபது வருடம் முதுமக்கள் தாழி பற்றி நடத்தியவன், அந்தப் பரம்பை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய செம்மண் மேடு. கண் முன்னால் கிடந்தது. அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் நினைப்பே வரவில்லை.

மறுநாள் ஆழ்வார்திருநகரி. முருகனைப் பார்க்கப் போகிற ஆண்டாள் ஊர்க்காரர்கள், நம்மாழ்வாரின் புளியமரத்தையும் கும்பிட்டுவிட்டு நடந்தார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923இலேயே ரயில் வந்துவிட்டது. நூறு வருடமாகியும் ஜனம் நடக்கிறது. திருமுருகாற்றுப்படை 'அலைவாய்' என்று சொல்லும் தலம் இது. 'ஆறு' என்றால் வழி என்று வகுப்பில் சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா?

குரும்பூர் தாண்டியதும் உப்புக்காற்று அடித்தது. கடலில் இறங்கினேன். கொப்புளத்தில் உப்புத் தண்ணீர் பட்டு உயிர் போனது. பிறகு நாழிக்கிணற்று நல்ல தண்ணீரைப் பெரியவர்தான் என் தலையில் ஊற்றினார்.