ஏழடிக் கோடு

2005-ஆம் ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு, லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு திண்ணையில் நான் தயாரித்த வரைபடத்தை விரித்து வைத்தேன். சுனாமி வந்துபோய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. மறுபடி தண்ணீர் ஏறினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று காட்டும் படம் அது. ஊருக்கு வடக்கே சம உயரக் கோடுகள் வளையம் வளையமாக நெருங்கி, அழகான ஒரு மேட்டைக் காட்டின. அதன்மேல் பச்சை மையால் ஒரு வட்டமும் போட்டிருந்தேன்.

பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "இன்னா தம்பி இது?"

"மேடுங்கய்யா. எட்டு மீட்டர்."

"இங்க ஏது மேடு? அது சவுக்குத் தோப்பு. மரத்து மேல ஏறி நிக்கச் சொல்றியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தை நம்பி யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தோப்புக்கு ஓடியிருந்தால்?

தவறு எங்கே நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கோடுகளின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். கதை பழவேற்காட்டுக்கே ஒருவிதத்தில் சொந்தமானது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒல்லாந்தர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைநகர். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்தின் செதுக்குக் கற்கள் மட்டும் நிற்கின்றன. அந்த ஒல்லாந்தரின் சொந்த நாட்டில், 1584-இல், பீட்டர் புருயின்ஸ் என்பவர் ஸ்பார்னே ஆற்றின் படத்தில் ஏழடி ஆழமுள்ள இடங்களை ஒரே கோட்டால் இணைத்தார். நமக்குத் தெரிந்தவரை இந்த வகையில் முதல் கோடு அதுதான். 1730-இல் குருக்கியஸ் மெர்வேடே ஆற்றின் படுகை முழுவதற்கும் இப்படிக் கோடுகள் வரைந்தார். ஆக, சம உயரக் கோடு பிறந்தது மலையில் அல்ல, தண்ணீருக்கடியில். படகு தரை தட்டக் கூடாது என்ற கவலைதான் அதைப் பெற்றெடுத்தது.

மலைக்கு அது ஏறியது பிற்பாடு. 1774-இல் மாஸ்கெலின் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலை தூக்குக்குண்டை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார். அதிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட, முதலில் மலையின் கன அளவு வேண்டும். கணக்குப் போட உட்கார்ந்த சார்லஸ் ஹட்டன், தாளில் சிதறிக் கிடந்த உயர எண்களில் சமமானவற்றை மெல்லிய கோட்டால் இணைத்தார். எண்களின் கும்பல் சட்டென்று மலையின் உருவமாகிவிட்டது.

இங்கிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், பரங்கிமலை அருகே, 1802 ஏப்ரலில் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவை அங்கே ஆரம்பிக்கிறது. ஆனால் உயரம் என்றால் எதிலிருந்து உயரம்? அதற்கு நாடு முழுவதற்குமான பொது அடிமட்டம் 1909-இல்தான் நிலைபெற்றது. நாகப்பட்டினம், சென்னை உள்பட ஒன்பது துறைமுகங்களில் அலையேற்ற இறக்கத்தை அளந்து எடுத்த சராசரிக் கடல்மட்டம் அது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களில் கோட்டுக்குக் கோடு இடைவெளி வழக்கமாக 20 மீட்டர். 20 மீட்டரைத் தொடும் நிலம் குப்பத்தில் எங்கே இருக்கிறது? அந்தத் தாளுக்கு இந்த ஊர் வெறும் தட்டை.

அதனால்தான் நான் விண்வெளித் தரவை நாடினேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி, அதன் இரு முனைகளிலிருந்த ரேடார்களால் பதினோரு நாளில் உலக நிலப்பரப்பில் 80 சதவீதத்தை அளந்தது. நமக்குக் கிடைத்த தரவில் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 90 மீட்டர். ஒரு கட்டத்துக்கு ஒரே முழு எண். பக்கத்துப் பக்கத்தில் 3, 6 என்று இருந்தால், 4 மீட்டர் கோட்டை மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் ஓட்டிவிடும் கணினி. அங்கே நிஜத்தில் என்ன இருக்கிறது என்று அது கேட்காது. அத்தனை அடர்த்தியான மரத்தலைகளை ரேடார் அலை அதிகம் துளைத்து இறங்காது. பெரும்பாலும் மேலேயே பட்டுத் திரும்பும். இதற்கு மேல், தரவின் பிழை வரம்பு 16 மீட்டர் என்று அதை வெளியிட்டவர்களே சொல்லியிருந்தார்கள். அந்தப் பிழைக்குள் மொத்தக் குப்பமும் மூழ்கிவிடும். அதிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளியில் கோடு வரையச் சொன்னது நான். கணினி மறுக்கவில்லை, வரைந்து கொடுத்தது.

அன்று பிற்பகல் பெரியவர் என்னைப் படகில் ஏற்றி முகத்துவாரம் பக்கம் கூட்டிப் போனார். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். கழியை ஊன்றிக்கொண்டே சொல்லிவந்தார்: "இங்க இடுப்பளவு... இங்க முழங்கால்... போன வருசம் இது ஆழம், இப்ப மணல் மூடிடுச்சு." கழி நின்ற இடத்தையெல்லாம் மனசுக்குள் இணைத்துப் பார்த்தேன். புருயின்ஸ் செய்ததும் இதைத்தானே?

கரையேறியதும், ஊருக்குள் நிஜமாகவே உயரமான இடம் எது என்று கேட்டேன். "கோயிலாண்ட. ரெண்டு அடி கூட இருக்கும், அவ்ளோதான்" என்றார். இரண்டடி! என் தரவில் அது வரவே வராது. இந்த மண்ணில் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அரை மீட்டர்தான் என்றால், அரை மீட்டரை அளக்கத் தெரிந்த கருவியோ, அதைக் காலால் அறிந்த ஆளோ வேண்டும். கோடு மட்டும் போதாது.

பச்சை வட்டத்தை அன்றே அடித்துவிட்டேன். தாளின் ஓரத்தில் 'சவுக்கு' என்று எழுதிவைத்தேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.