புதிய நகருக்குக் குடிபெயர்ந்த பின் மனநலம் பேணுதல்

வேலை, கல்லூரி, திருமணம், பணியிட மாற்றம், பிள்ளைகளுடன் வசிக்க வருதல், நீண்ட நாள் சிகிச்சை என ஏதேனும் ஒரு காரணத்தால் ஊர் மாறுவது இன்று இயல்பான நிகழ்வாகிவிட்டது. ஊர் மாறுவது நோயன்று. ஆயினும் அதனை அடுத்துவரும் சில மாதங்கள், மனநலம் தளரக்கூடிய காலம். இந்தப் பக்கம் புதிதாகக் குடிபெயர்ந்தவர்களுக்காகவும், அவர்களுடன் வசிக்கும் குடும்பத்தினருக்காகவும் எழுதப்பட்டுள்ளது. முன்பே மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருந்துகள் பற்றிய பகுதியைத் தவறாமல் படிக்கவும்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிகள் பிரிவில், “மனம் சரியில்லை” என்று கூறிக்கொண்டு வருபவர் அரிது. தலைவலி, வயிற்றெரிச்சல், உடல் அசதி, பசியின்மை, உறக்கமின்மை என்றே கூறுவர். இரத்த அழுத்தமும் பிற பரிசோதனைகளும் இயல்பாக இருக்கும்போது, “சென்னைக்கு வந்து எவ்வளவு நாளாயிற்று?” என்று ஒரு கேள்வி கேட்டால், பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.

ஏன் இவ்வளவு களைப்பு?

சொந்த ஊரில் அன்றாடச் செயல்களில் பெரும்பாலானவை பழக்கத்தால் நடைபெறுகின்றன. எந்தக் கடையில் பால் வாங்குவது, எந்தப் பேருந்தில் ஏறுவது, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சிந்திக்க வேண்டியதில்லை. புதிய நகரில் இவை ஒவ்வொன்றிற்கும் கவனம் தேவைப்படுகிறது. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்தவர்கூட மாலையில் சோர்ந்துபோவது இதனால்தான். இது சோம்பலன்று.

மற்றொரு காரணம் இழப்பு. நண்பர்களையும் உறவினரையும் பிரிந்த துயரம் வெளிப்படையானது. அதைவிடச் சிறியதாகத் தோன்றும் இழப்புகள் உண்டு: பெயர் சொல்லி அழைக்கும் தேநீர்க் கடைக்காரர், வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசும் அண்டை வீட்டார், உங்கள் பேச்சு வழக்கைக் கேட்டு “எந்த ஊர்?” என்று வினவாத மனிதர்கள். இவர்கள் இல்லாமற்போவதை யாரும் துக்கமாகக் கணக்கில் கொள்வதில்லை, மனம் கொள்கிறது.

வந்த முதல் சில நாள்கள் உற்சாகமாகக் கழிந்து, பின்னரே சோர்வு தொடங்குவதைப் பலரிடம் காண்கிறோம். ஆதலால், “முதல் வாரம் நன்றாகத்தானே இருந்தாய், இப்போது என்ன வந்தது?” என்று குடும்பத்தினர் கேட்பது பொருத்தமற்றது.

இயல்பான வருத்தமும் நோயும்

ஊர் நினைவு வருவது, சில இரவுகள் உறக்கம் கெடுவது, தனிமையில் அழுவது ஆகியவை இயல்பானவை. வேலையையும் உணவையும் தொடர முடிந்து, இடையிடையே மகிழ்ச்சியும் தோன்றுமானால் பெரும்பாலும் அவை தாமே தணியும்.

வாழ்க்கை மாற்றத்தை அடுத்துத் தோன்றி, அளவுக்கு மீறிய கவலையாலும் துயரத்தாலும் படிப்பையோ வேலையையோ குலைக்கும் நிலையைத் தகவமைப்புக் கோளாறு என மருத்துவம் குறிப்பிடுகிறது. நெருக்கடி நீங்கினால் இது பொதுவாக ஆறு மாதங்களுக்குள் விலகும். ஆலோசனைச் சிகிச்சை நன்கு பயன் தரும். நாளின் பெரும்பகுதியும் வருத்தம் அல்லது எதிலும் நாட்டமின்மை, அதனுடன் உறக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் மாற்றம் என்பன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இரண்டு வாரம் என்னும் இந்த அளவை நினைவில் கொள்ளுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், மருத்துவர் இரத்தப் பரிசோதனை கூறினால் வியப்படைய வேண்டாம்.

முதல் சில வாரங்களில்

உறக்கத்தை முதலில் சீராக்குங்கள். உறங்கும் நேரத்தை நாம் கட்டளையிட இயலாது. விழிக்கும் நேரத்தை இயலும். விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெயிலில் சிறிது நேரம் நடப்பது உடலின் கடிகாரத்தை நிலைப்படுத்தும். காபியில் உள்ள காஃபின், குடித்து ஐந்து மணி நேரம் கழிந்த பின்னரும் ஏறக்குறையப் பாதியளவு உடலில் தங்கியிருக்கும். ஆகவே மாலைக் காபியைக் கைவிடுவது நல்லது. இரவுப் பணியில் இருப்பவர்கள் பகலில் உறங்கும் அறையைத் தடித்த திரையிட்டு இருட்டாக்கவும். உடன் தங்குவோரிடம் உங்கள் உறக்க நேரத்தைத் தெரிவித்துவிடுங்கள்; கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

உணவு அடுத்தது. விடுதிகளிலும் பகிர்ந்து வாழும் அறைகளிலும் காலை உணவைத் தவிர்ப்பதே வழக்கமாகிவிடுகிறது. “சாப்பிட்டாயா?” என்று அம்மா தொலைபேசியில் கேட்க, “சாப்பிட்டேன்” என்று பொய்யாகப் பதில் சொல்லும் பிள்ளைகள் பலர்.

வீட்டுக்குப் பேசுவதற்கு ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்வது உதவும். பேசாமலே இருப்பது தனிமையைக் கூட்டும். மாலை முழுவதும் காணொளி அழைப்பிலேயே கழிந்தால் புதிய ஊரில் கால் பதிய வாய்ப்பில்லாமல் போகும். பெற்றோர் இதைப் புறக்கணிப்பாகக் கருதலாகாது.

நண்பர்களை உடனே தேடிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. நடைமுறையில் அது நிகழ்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரே இடத்திற்கு, ஒரே நேரத்தில், திரும்பத் திரும்பச் செல்லுங்கள். மாநகராட்சிப் பூங்கா, கிளை நூலகம், வழிபாட்டுத் தலம், உடற்பயிற்சிக் கூடம் என எதுவாகவும் இருக்கலாம். மூன்றாம் வாரம் யாரேனும் ஒருவர் தலையசைப்பார். பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மதுவை உறக்க மருந்தாகப் பயன்படுத்த வேண்டாம். அது விரைவில் உறங்கச் செய்தாலும் பின்னிரவு உறக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வை ஆழமாக்கும்.

பிள்ளைகளின் வீட்டுக்கு வந்த பெற்றோர்

இப்பகுதியைப் பராமரிப்பாளர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கணவர் மறைந்த பின், கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தாயை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அழைத்து வருவது அன்பினால் எடுக்கப்படும் முடிவு. ஆனால் அவர் ஒரே ஆண்டில் கணவரையும், வீட்டையும், தெருவையும், தம் அடுக்களையின் பொறுப்பையும் இழந்திருக்கிறார். திண்ணையில் அமர்ந்து போவோர் வருவோருடன் பேசியவர், இங்கே மூடிய கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சியுடன் இருக்கிறார். மின்தூக்கியை இயக்க அச்சம். கீழே இறங்கினால் எந்த வீடு தம் வீடு என்ற குழப்பம். “இங்கே உங்களுக்கு என்ன குறை?” என்னும் கேள்வி அவருடைய வாயை அடைத்துவிடும்.

முதியோரின் மனச்சோர்வு பெரும்பாலும் துயரமாக வெளிப்படுவதில்லை. இடம் மாறி மாறி வரும் வலி, குறையும் உணவு, பேச்சுக் குறைவு, எரிச்சல், “ஊருக்குப் போக வேண்டும்” என்னும் ஓயாத வேண்டுதல் என வெளிப்படும். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாகாது. சிகிச்சையால் குணமாகக்கூடியது இது.

மறதி திடீரென அதிகரித்ததாகத் தோன்றினால் கவனிக்கவும். பழகிய வீட்டில் மறைந்திருந்த மறதிநோய், புதிய இடத்தில் வெளிப்படுவது உண்டு. ஆனால் ஓரிரு நாளிலேயே நாள், இடம், ஆள் தெரியாமல் உளறுதல், இரவில் அமைதியின்மை, பகலில் மயக்கமாகக் கிடத்தல் ஆகியவை ஏற்பட்டால் அது மறதிநோயன்று. ஊர் மாறிய கவலையுமன்று. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மருந்துக் கோளாறு போன்றவற்றால் வரும் குழப்ப நிலை அது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவருடைய கட்டில், தலையணை, சாமி படங்கள், அஞ்சறைப்பெட்டி ஆகியவற்றைப் பழையவை என்று கழிக்காமல் உடன் எடுத்து வாருங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு தேவை. வீட்டுச் சாவி ஒன்று அவர் கையிலும், முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை அவர் பையிலும் இருக்கட்டும். கீரை ஆய்வதோ, பேரனைப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிடுவதோ, மெய்யாகவே பயன்படும் ஒரு பொறுப்பை அவரிடம் கொடுங்கள். ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போனால் திரும்பி வரமாட்டார் என்று அஞ்சித் தடுக்கும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். தடுத்ததனால் எவரும் புதிய ஊரை நேசிக்கத் தொடங்கியதாகக் கண்டதில்லை.

மற்றொன்று: ஊரில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டிலேயே பெற்றுவந்தவர்களுக்கு, இடம் மாறியதும் மாத்திரை நின்றுவிடுவதுண்டு. பழைய மருத்துவக் குறிப்புகளுடன் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முன்பே மனநல மருந்து உட்கொள்பவர்கள்

“புதிய வாழ்க்கை தொடங்கிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?” என்று நிறுத்துபவர்களும், புதிய ஊரில் மருத்துவரைத் தேடிக்கொள்ளாமையால் நின்றுபோனவர்களும் உள்ளனர். மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் சில நாள்களிலேயே தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், உறக்கக்கேடு தோன்றலாம். புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இதனைத் தவறாக எண்ணுவோர் உண்டு. நோய் மீள்வதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதனால் மருந்தை நிறுத்தியதே காரணம் என்பது எளிதில் புலப்படுவதில்லை.

புறப்படுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு ஆகியவை அடங்கிய கடிதமும், ஒரு மாதத்திற்குக் குறையாத மருந்தும் பெற்றுக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளில் பழைய சீட்டுக்கு இம்மருந்துகளைத் தர மறுக்கலாம். அது விதிமுறை, உங்களை அவமதிப்பதன்று.

இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு உறக்கமிழப்பே நோயைத் தூண்டக்கூடியது. இரவுப் பயணம், வீடு மாற்றும் அலைச்சல், இரவுப் பணி ஆகியவற்றைத் திட்டமிடும்போது இதனை மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். உறக்கம் குறைந்தும் களைப்பின்றி இருத்தல், மிகுந்த பேச்சு, மட்டற்ற செலவு ஆகியவற்றைப் புதிய ஊரின் உற்சாகம் என்று குடும்பத்தினர் கருதிவிடலாகாது. லித்தியம் உட்கொள்பவர்கள் கோடையில் போதிய நீர் அருந்துவதும் உப்பைத் திடீரெனக் குறைக்காதிருப்பதும் அவசியம். டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரத்தத்தில் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடும். தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். கைநடுக்கம் மிகுதல், நடை தள்ளாடுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, குழறும் பேச்சு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

நாள்தோறும் மது அருந்திவந்தவர், இடம் மாறியதால் திடீரென நிறுத்த நேர்ந்தால், அடுத்த இரண்டு மூன்று நாள்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். இது உயிருக்கு ஆபத்தான நிலை. 108-ஐ அழைக்கவும்.

தற்கொலை எண்ணம்

“நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது” என்று ஒருவர் கூறினால் அதனை மிரட்டலாகக் கருத வேண்டாம். “சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உருவாகாது. கேட்பாரற்ற நிலையே ஆபத்தானது. அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் நச்சுப் பொருள்களையும் அப்புறப்படுத்துங்கள். விடுதி அறையில் இருப்பவரானால் அறைத்தோழரும் விடுதிக் காப்பாளரும் அறிந்திருப்பது நல்லது. முயற்சி நடந்துவிட்டால் வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்கு வராமல் இருக்க வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது.

உதவி எங்கே?

14416 என்ற டெலி-மானஸ் எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை. 2022-இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட இச்சேவையில் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். எனவே பெங்களூருவிலோ மும்பையிலோ வசிக்கும் நீங்கள் தமிழிலும், இங்கு வந்துள்ள இந்தி பேசும் தொழிலாளர் தம் மொழியிலும் பேச இயலும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

நேரில் காண, முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் செல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரின் சேவையும் மருந்துகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், 1794-இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உள்ளன. அங்கே போனால் அடைத்துவிடுவார்கள் என்னும் அச்சம் தேவையற்றது; வருவோரில் பெரும்பாலோர் புறநோயாளிகளாகவே சிகிச்சை பெற்று அன்றே வீடு திரும்புகின்றனர். உங்கள் நோய் விவரத்தை இரகசியமாகக் காப்பது மேற்கூறிய சட்டப்படி உங்கள் உரிமை.

முதல் முறை வரும்போது பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். ஊர் மாறிய தேதி, உறக்கம் கெடத் தொடங்கிய நாள் ஆகிய இரண்டையும் ஒரு தாளில் குறித்து வந்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும். உடன் ஒருவர் வரலாம். ஆனால் மருத்துவருடன் சில நிமிடம் தனியே பேச வேண்டுமென நீங்கள் கேட்கலாம்.