மைனரை வளர்த்தது யார்?

கணவன் வழி தவறினால், "அவள் மயக்கிவிட்டாள்" என்று பரத்தையைப் பழிப்பதும், "ஆண்பிள்ளை அப்படித்தான்" என்று அவனைப் பொறுத்துக்கொள்வதும் நம்மவரிடை நெடுநாளாக வேரூன்றிய வழக்கமாகும். இத்தீர்ப்பை நமக்குக் கற்பித்தவர் யாவர்? சென்னை மாகாணத்தில் தாசி முறை ஒழிந்த வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

முதலில் 'மைனர்' என்னும் சொல்லை நோக்குவோம். வயது நிரம்பாத வாரிசைக் குறிக்க நீதிமன்றங்கள் வழங்கிய ஆங்கிலச் சொல் அது. தமிழ்நாட்டிலோ, தாசி வீடே கதியென்று திரிந்த செல்வர் மகனுக்கு அது பட்டப்பெயராயிற்று. தந்தை ஒரு தாசியை ஆதரிப்பதைக் குடும்ப அந்தஸ்தாகக் கண்டு வளர்ந்தவன் அம்மைனர். தாய் வாய்மூடிக் கண்ணீர் வடித்ததையும் அவன் கண்டான். ஆயினும் அக்கண்ணீருக்குக் காரணம் தந்தையின் தவறே என்று எவரும் அவனுக்கு எடுத்துரைக்கவில்லை. அவன் தங்கையோ அம்மௌனத்தையே கற்பென்று பயின்றாள்.

தாசியின் இல்லத்திலும் வளர்ப்பே ஆட்சி செய்தது. பெண் மகவு பிறந்தால் அங்கு மகிழ்ச்சி, இல்லையேல் தத்தெடுப்பர். சொத்து தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். ஆடல் பாடல் பயிற்றி, பொட்டுக் கட்டி, செல்வர் ஒருவரின் ஆதரவைத் தேடித் தருவது மூத்தோர் கடமையெனக் கருதப்பட்டது. அங்கு வளர்ந்த சிறுமிக்கு மற்றொரு பெண்ணின் துயரம் கண்ணிற் படாமற் போனதில் வியப்பென்ன? அவள் தீக்குணத்தால் அவ்வழிச் சென்றவளல்லள். அவ்வழியிலேயே நடத்திச் செல்லப்பட்டவள்.

ஆயினும் வளர்ப்பு மாற்றவொண்ணாத விதியன்று. 1883-ம் ஆண்டில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாசி ஒருவரால் வளர்க்கப்பட்டும், அவ்வாழ்வை மறுத்துத் தமக்குக் கலை பயிற்றிய ஆசிரியரையே மணந்தார். 1936-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட நாவலின் பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. வலை விரிப்பவரைக் கண்டித்ததோடு நில்லாமல், மதி பெறவேண்டியவன் மைனர் என்பதையும் அப்பெயரிலேயே அறிவித்தார்.

1886-ம் ஆண்டில் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாள் தாசி மரபினர். தந்தை நாராயணசாமி ஐயர் அவரை மணந்து, உற்றாரின் பகையை ஏற்று, மகளைக் கல்லூரி வரை படிக்கவைத்தார். அம்மகளே 1912-ம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, 1927-ல் சட்டசபை புகுந்து, தாசி முறைக்கு எதிராகப் போராடினார். அம்முறையினின்று தப்பி வந்த சிறுமியருக்கு 1930-ல் ஔவை இல்லம் கண்டார்.

தாசியர் அனைவரும் இதனை வரவேற்றனர் எனல் பொருந்தாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர், தாங்கள் கலைக்கும் சொத்துக்கும் உரியவர்கள், விலைமாதரல்லர் என்று வாதாடினர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 1947-ம் ஆண்டுச் சட்டம் பொட்டுக் கட்டுதலைத் தடுத்தது. அதனால் பலர் பிழைப்பை இழந்தனர். ஆதரவாளனாயிருந்த மைனருக்கோ அச்சட்டத்தால் நேர்ந்த நட்டம் யாது?

பின்னர் அவன் பக்கமும் சட்டம் திரும்பிற்று. இந்துக்களிடை இருதார மணத்தைச் சென்னை மாகாணம் 1949-லும், இந்தியா 1955-லும் தடுத்தன. சிங்கப்பூர் 1961-ம் ஆண்டின் மாதர் சாசனத்தாலும், மலேசியா 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தாலும், முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையே விதித்தன.

எனினும், சட்டம் இரண்டாம் மணத்தைத் தடுக்குமேயன்றி, மகனுக்கு ஒரு நீதி மகளுக்கு ஒரு நீதி என வீட்டுக்குள் வழங்கும் தீர்ப்பைத் திருத்தாது. தோட்டத்து லயத்திலாயினும் பட்டணத்து மாடிவீட்டிலாயினும், "ஆண்பிள்ளை அப்படித்தான்" என்று பெற்றோர் கூறுவதைச் சிறுவன் கேட்கும்போதே புதியதொரு மைனர் உருவாகிறான். அதே வீட்டில், "தந்தை செய்தது பிழை" என்று ஒருவர் துணிந்து கூறினால், மகனும் மகளும் நேர்மையை ஒருங்கே கற்பர். அவ்வொருவர் தாமாகலாகாதா என நேயர்கள் சிந்திப்பார்களாக!