குண்டின் எடையில் ஒரு சரித்திரம்

பினாங்குக்காரர்களுக்கு இந்தக் கதை பள்ளிப் பருவத்திலேயே தெரியும். 1786-ல் பிரான்சிஸ் லைட் இங்கு வந்து இறங்கியபோது காட்டை வெட்ட ஆட்கள் தயங்கினார்களாம். அவர் பீரங்கிக்குள் வெள்ளிக் காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசு தேடிப் போனவர்கள் காட்டையே அழித்து விட்டார்களாம். உண்மையோ புனைவோ, காரியத்திற்கு ஏற்ற ‘குண்டு’ எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

அந்தக் காலத்தில் குண்டின் எடைதான் பீரங்கிக்குப் பெயர். 6 பவுண்டு குண்டு போட்டால் ‘சிக்ஸ் பவுண்டர்’. தோட்டப்புறத்தில் காட்டுப்பன்றி சுட்ட ‘12 போர்’ துப்பாக்கியும் அப்படித்தான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை அதன் குழாய்க்குச் சரியாக இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் சுமார் 14 குண்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு பவுன் எடை. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். மருது சகோதரர்களின் படை எதிர்கொண்டது இந்த ஈயத்தைத்தான். சின்ன மருதுவின் மகன் துரைசாமியை 1802-ல் நாடு கடத்தியதும் இதே பினாங்குக்குத்தான்.

பிறகு குண்டுகள் சிறுத்தன. எடையைக் ‘கிரெயின்’ என்ற தானிய அளவில் சொன்னார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. கிரெயின் கணக்கு பறந்து போகும் குண்டுக்கு மட்டும்.

1895-ல் சித்ரால் போருக்குப் பிறகு, உலோக உறை போட்ட புதிய ரைபிள் குண்டு ஆளைத் துளைத்துப் போகிறதே தவிர விழ வைப்பதில்லை என்று வெள்ளைக்கார அதிகாரிகள் குறைப்பட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில் பெர்ட்டி கிளே என்ற அதிகாரி உறையின் நுனியைத் திறந்து விட்டார். உடம்பில் பட்டதும் குண்டு விரியும். கைத்துப்பாக்கிக்கும் 1898-ல் வாயகன்ற குண்டு ஒன்று வந்தது.

1899-ல் ஹேக் மாநாடு போரில் இவற்றைத் தடை செய்ய முனைந்தபோது, பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா எதிர்த்தார். நாகரிகச் சிப்பாய் அடிபட்டால் ஒதுங்கி விடுவான், ‘காட்டுமிராண்டி’ ஓடி வந்துகொண்டே இருப்பான் என்பது அவர் வாதம். அவர் யாரைச் சொன்னார்? காலனி நாடுகளில் எதிர்த்து நின்ற நம்மைப் போன்றவர்களைத்தான். பிரிட்டன் அந்தத் தடையை ஏற்றது 1907-ல்.

முதல் உலகப் போரில் .455 ரிவால்வரின் 265 கிரெயின் குண்டு, அதாவது இரண்டு பவுனுக்குச் சற்று மேல், அவசரப் பயிற்சி பெற்றவர்களின் கையை உதறியது. அதனால் .38 அளவுக்கு மாறினார்கள். ஆனால் குண்டு 200 கிரெயின்: கனம், மெதுவான வேகம். உறையில்லாத அந்த ஈயம் ஹேக் விதிக்கு ஒத்துவருமா என்ற சந்தேகத்தில், 1930-களின் இறுதியில் உறையிட்ட 178 கிரெயின் குண்டு வந்தது. எடை மாறினால் குறியும் மாறும். மெதுவான கனக் குண்டு குழாயை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி கூடுதலாக எம்பிவிடும், குண்டு சற்று மேலே படும். எந்தக் குண்டுக்குக் குறிமுள் அமைத்தார்களோ அதைத்தான் போட வேண்டும்.

இன்று பரவலாக உள்ள 9 மில்லிமீட்டர் தோட்டாவில் 124 கிரெயின் குண்டு ஏறக்குறைய ஒரு பவுன். ஹேக் தடை போருக்கு மட்டும் என்பதால், பல நாட்டுப் போலீசார் விரியும் குண்டையே வைத்திருக்கிறார்கள். அது குற்றவாளியின் உடம்பிலேயே நின்றுவிடும், பின்னால் நிற்கும் அப்பாவி மேல் பாயாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்கு இதில் நியாயம் தெரிகிறது. ஆனால் டம்டமில் அதைச் செய்தவர்கள் பின்னால் நின்றவரைப் பற்றிக் கவலைப்படவில்லை.