குருவின் பாராமுகம்

மேல்நாட்டுச் சங்கீதத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் வித்வான்களின் வாழ்க்கைச் சரித்திரங்களை விரும்பிப் படிப்பேன். நாவலில் எழுதினால், "இப்படியும் நடக்குமா, ஐயா?" என்று வாசகர்கள் கேட்டு எழுதக்கூடிய சங்கதிகள் அவற்றில் சர்வ சாதாரணமாக நடந்திருக்கின்றன. பீதோவனுக்கும் அவருடைய குரு ஹைடனுக்கும் இடையே நடந்தது அப்படி ஒரு சங்கதி.

1792 நவம்பரில் பீதோவன் ஜெர்மனியிலுள்ள பான் நகரத்திலிருந்து வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். 22 வயது நிரம்பவில்லை. தாயார் 5 வருஷங்களுக்கு முன்பே காலமாகிவிட்டாள். தகப்பனார் குடிகாரர், பிள்ளை ஊரைவிட்டு வந்த அடுத்த மாதமே அவரும் போய்விட்டார். இந்த நிலையில் குருவிடம் போகிற பையன் பாடத்தை மட்டுமா எதிர்பார்ப்பான்?

குருவுக்கு வயது 60. ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். லண்டனுக்கு ஒரு முறை போய்ப் புகழும் பணமுமாகத் திரும்பியிருந்தார். இரண்டாவது பயணத்துக்காகப் புதிய சிம்பனிகள் எழுதுவதில் மும்முரமாக இருந்தார். சிஷ்யன் நீட்டிய காகிதங்களை அவர் பார்த்த லட்சணம் இன்றைக்கும் சாட்சியாக இருக்கிறது. அந்தப் பயிற்சிகளில் மிஞ்சியவை சுமார் 245. ஹைடன் திருத்தியவை 42தான்! பல பிழைகள் அப்படியே கிடக்கின்றன.

பீதோவனுக்கு மனம் கசந்தது. குருவுக்குத் தெரியாமல் ஷெங்க் என்ற வேறொருவரிடம் போய்த் திருத்திக்கொண்டதாகக் கூட ஒரு கதை உண்டு. ஷெங்க் வயதான காலத்தில் எழுதி வைத்தது அது. ஆராய்ச்சிக்காரர்கள் அதை முழுக்க நம்புவதில்லை. பின்னாளில், பாட்டுப் புத்தகத்தின் முகப்பில் 'ஹைடனின் மாணவர்' என்று போட்டுக்கொள்ளப் பீதோவன் மறுத்தார். அவரிடம் தாம் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னாராம்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள்.

1793 நவம்பர் 23ஆம் தேதி, பான் நகரத்தை ஆண்ட மாக்ஸிமிலியன் பிரான்ஸுக்கு ஹைடன் ஒரு கடிதம் எழுதினார். இந்த இளைஞன் ஐரோப்பாவின் மிகச் சிறந்த சாகித்தியகர்த்தாக்களில் ஒருவனாக வருவான், அவனுடைய குரு என்று சொல்லிக்கொள்வதில் நான் பெருமைப்படுவேன் என்பது அதன் சாரம். பையன் வட்டிக்காரர்கள் கையில் சிக்காமலிருக்க, தாமே ஜாமீன் நின்றும் கைப்பணம் கொடுத்தும் உதவியதில் அவன் தமக்கு 500 புளோரின் தர வேண்டியிருக்கிறது என்றும், அரசர் தரும் 500 போதாது, வருகிற வருஷத்துக்கு 1,000 தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பிழை திருத்த நேரமில்லாத மனிதர் கடன் கொடுக்க மட்டும் நேரம் கண்டுபிடித்திருக்கிறார்!

பதில் ஈட்டிபோல் வந்தது. நீங்கள் அனுப்பிய உருப்படிகளில் ஒன்றைத் தவிர மற்றவை இங்கேயே எழுதி வாசித்தவை. பையனுக்கு 500 மட்டுமல்ல, சம்பளமாக இன்னும் 400 கிடைக்கிறது. அவன் ஊருக்குத் திரும்பிவிடுவதே நல்லது. 400ஐப் பற்றிச் சிஷ்யன் குருவிடம் வாய் திறக்கவில்லை போலிருக்கிறது. உலகப் புகழ் பெற்ற பெரியவர் அவனுக்காகத் தலைகுனிய நேர்ந்தது.

1795இல் வெளியான முதல் தொகுதியிலுள்ள மூன்றாவது 'டிரியோ'வை அச்சிட வேண்டாம் என்று ஹைடன் சொன்னதைப் பொறாமை என்றே பீதோவன் நினைத்தார். பீதோவனின் மாணவர் ரீஸ் பின்னால் ஹைடனிடமே இதை விசாரித்தார். ஜனங்கள் அதை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்வார்கள் என்று தமக்குத் தோன்றவில்லை என்றாராம் கிழவர். பையனுடைய பெயர் கெடக்கூடாதே என்ற கவலைதான் பொறாமையாகத் தெரிந்திருக்கிறது.

சில மனிதர்கள் அப்படித்தான். பிரியத்தை முகத்தில் காட்ட மாட்டார்கள். மூன்றாம் மனிதரிடம் சொல்வார்கள். நம் வீடுகளில் எத்தனை தகப்பனார்கள் இந்த ரகம்!

1808 மார்ச் 27ஆம் தேதி வியன்னாவில் ஹைடனின் 'சிருஷ்டி' இசைக்கப்பட்டபோது, தள்ளாத வயதில் அவரை நாற்காலியில் வைத்துச் சுமந்து வந்தார்கள். கூட்டத்திலிருந்து பீதோவன் வந்து, அவர் கைகளையும் நெற்றியையும் முத்தமிட்டார். மறு வருஷம் ஹைடன் மறைந்தார்.

இன்னும் 18 வருஷங்கள் கழித்து, 1827இல், பீதோவன் மரணப் படுக்கையில் இருந்தார். காது அடியோடு போய்விட்டது. பதிப்பாளர் டயபெல்லி ஒரு படம் கொடுத்தார். ரோராவ் கிராமத்தில் ஹைடன் பிறந்த வீடு. எளிய குடிசை. வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, இவ்வளவு பெரிய மனிதர் இதிலா பிறந்தார் என்று குழந்தைபோல் வியந்தார். அதைச் சட்டம் போட்டு வந்தபோது, கீழே எழுதியிருந்த ஹைடன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. நோயாளிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது!

தம்முடைய பிழைகளைத் திருத்தவில்லையென்று குருவிடம் குறைப்பட்டவர், குருவின் பெயரில் ஒரே ஒரு பிழையைக்கூடப் பொறுக்கவில்லை. அவர் மனம் எங்கே வந்து சேர்ந்தது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.